பதிவறையும் கைப்பிரதியும்

பாடசாலை என்பது ஆசிரியரும் மாணவரும் கூடும் இடம் மாத்திரமன்று. இடாப்புகள் வாழும் இடமுமாகும். சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, புள்ளி இடாப்பு, நூலக இடாப்பு என்பன ஒழுங்காகப் பேணப்பட்டாலன்றி ஒரு கல்லூரியின் வரலாறு காற்றிற் கரைந்துவிடும். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் ஒவ்வொருவரும், தாம் இக்கல்லூரியிற் பயின்றமைக்குச் சான்று வேண்டின், ஏதோ ஓர் இடாப்பிலுள்ள ஒற்றை வரியையே நாடுதல் வேண்டும். அவ்வரி பிழைபடின் அவருக்கு நேரும் இடர் சிறிதன்று.

இன்று அவ்விடாப்புகள் பெரும்பாலும் கணினியுட் குடிபுகுந்துவிட்டன. அங்கே அவை எங்ஙனம் வைக்கப்படுகின்றன, எங்ஙனம் எடுக்கப்படுகின்றன, எடுத்தவை எங்ஙனம் திரும்பச் சேர்க்கப்படுகின்றன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. யாம் இதனைக் கற்கப் புகுந்தமைக்கு ஒரு காரணமுண்டு. அதனை முதலிற் கூறுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பாடசாலையில் யாம் பணியாற்றிய காலத்தில், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கணினியிற் பதியும் வழக்கம் புதிதாகத் தொடங்கிற்று. மாணவனொருவன் தமிழிற் பெற்ற 74 புள்ளிகளை யாம் இலக்கம் மாறி 47 எனப் பதிந்துவிட்டோம். மறுநாள் நண்பகலிற் பிழையைக் கண்டு திருத்திச் சேமித்தோம்; திரையில் 74 என்றே தோன்றிற்று. ஆயின், வார முடிவில் அச்சாகி வீடு சென்ற முன்னேற்ற அறிக்கையில் மீண்டும் 47 இருந்தது. தகப்பனார் மகனைக் கடிந்தார். மகன் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. யாம் திருத்தினோம் என்பது எமக்கு உறுதி. அங்ஙனமாயின் மாற்றியவர் யார்? அறிக்கைகளை அச்சிட்டவர் காரியாலய லிகிதர். ஐயம் அவர்மேற் சென்றது. “மாஸ்டர், நான் அதிலை கை வைக்கேல்லை” என்று அவர் சொன்னார். யாம் அவர் சொல்லை நம்பவில்லை. அறிக்கை திருத்திக் கொடுக்கப்பட்டது; அவர்மேற் சென்ற ஐயம் திருத்தப்படவில்லை. அவ்வாண்டிலேயே அவர் ஓய்வு பெற்றுச் சென்றார்.

நெடுநாட் கழிந்து, கொழும்பில் மென்பொருட் பொறியியலாளராகக் கடமையாற்றும் எம் மாணவரொருவர் எம்மைக் காண வந்தபோது இக்கதையை அவருக்குக் கூறினோம். அவர் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: “சேர், அந்த நேரம் வேறை ஆரும் அந்தப் பட்டியலைத் திறந்து வைச்சிருந்தவையோ?” அவ்வினாவின் பொருளை முற்றாக விளங்கிக்கொள்ள எமக்கு இரண்டு விடுமுறைக் காலங்கள் வேண்டியிருந்தன. அங்ஙனம் விளங்கியதையே ஈண்டு எழுதுகின்றோம்.

தரவுத்தளம் என்பது யாது?

திரையிற் புள்ளிப் பட்டியல் தோன்றுதலைக் காணும் ஒருவர், அப்பட்டியல் அத்திரைக்குப் பின்னாலேயே இருக்கின்றது என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அஃதன்று. தரவுகள் பெரும்பாலும் வேறொரு கணினியில் இருக்கின்றன. அக்கணினியில் தரவுகளைக் காத்து, கேட்பார்க்கு எடுத்துக் கொடுத்து, தருவனவற்றை ஒழுங்காக அடுக்கிவைக்கும் மென்பொருளே தரவுத்தள முகாமைத்துவ முறைமை எனப்படும். எமக்கு முன்னே திரையில் இயங்குவது செய்நிரல். செய்நிரல் காரியாலய மேசை போன்றது; தரவுத்தளம் பூட்டிய பதிவறை போன்றது. மேசையிலிருப்பவர் பதிவறைக்குட் புகுந்து தாமே ஏடுகளைக் கிளறுவதில்லை. பதிவறைக் காப்பாளரிடம் இன்னது வேண்டும் என்று கேட்டே பெறுகின்றார்.

இத்தரவுகளை வரிகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்றும், கேட்பவர் அவை எங்கே எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதை அறியாமலே தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்றும் 1970 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் எட்கர் கொட் என்னும் ஆங்கிலேயர். அவர் அப்போது அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்னும் இருவரும் 1974 இல், அங்ஙனம் கேட்பதற்கென ஒரு வினவல் மொழியை அமைத்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். என்னும் பெயருடன் உலகெங்கும் பரவிற்று. ‘இன்ன வகுப்பு மாணவரின் பெயரையும் தமிழ்ப் புள்ளியையும் தருக’ என்னும் பொருள்பட அம்மொழியில் ஒரு வாக்கியம் எழுதினாற் போதும். தேடும் வழியைத் தரவுத்தளமே வகுத்துக்கொள்ளும்.

கதவைத் தட்டும் முறை

செய்நிரல் பதிவறையை அணுகுவதற்கு நான்கு செய்திகள் வேண்டும். எந்தக் கணினி, அதில் எந்தத் தரவுத்தளம், கேட்பவர் யார், அவர் அவரே என்பதற்குச் சான்று யாது என்பன அவை. இவற்றை ஒரே வரியாகத் தொடுத்து எழுதுவதை இணைப்புத் தொடர் என்பர். கணினியின் முகவரி தெரு இலக்கம் போன்றதெனின், அதிலுள்ள வாயில் எண் கதவிலக்கம் போன்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேவர் வழக்கமாக 1433 என்னும் வாயிலிலும், மை எஸ்.கியூ.எல். 3306 என்னும் வாயிலிலும் செவிசாய்த்திருக்கும். கடவுச்சொல் அடங்கிய இத்தொடரைச் செய்நிரலின் உடலிலேயே எழுதிவைத்தல் ஆகாது. செய்நிரலின் பிரதி எவர் கையிற் சென்றாலும் பதிவறைத் திறப்பும் உடன் சென்றுவிடும். ஆதலின் அதனை வேறிடத்திற் காத்து, இயங்கும்போது மாத்திரம் எடுத்துக்கொள்ளுதலே தக்கது.

ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கெனத் தனிப்பேச்சுடையது. செய்நிரலின் பேச்சை அதற்கு உணர்த்த இடையே ஒரு துவிபாஷி வேண்டும். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான முறையில் இத்துவிபாஷியை அமைக்கும் முயற்சியாக 1992 இல் ஓ.டி.பி.சி. என்பதும், ஜாவா மொழியார்க்கென 1997 இல் ஜே.டி.பி.சி. என்பதும் வந்தன. 2002 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் டொட் நெற் என்னும் தொகுதியுடன் ஏ.டி.ஓ. நெற் என்பதை வெளியிட்டது. இணைப்பறுந்த நிலையில் தரவைக் கையாளும் முறையை இஃது தெளிவாகப் பகுத்து வைத்துள்ளமையால், இக்கட்டுரையில் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

இணைப்புக் கிடைத்தபின் செய்நிரல் கட்டளையை அனுப்பும். இங்கே தமிழாசிரியர் நன்கு உணரத்தக்க ஒரு நுட்பமுண்டு. கட்டளை ஒரு வாக்கியம். அதனிடையே பயன்படுத்துவோர் தட்டெழுதும் பெயரோ எண்ணோ இடம்பெறும். பெயரை வாக்கியத்தோடு அப்படியே ஒட்டி எழுதினால், பெயரின் நடுவே மேற்கோட் குறியொன்றை இட்டு, அதன்பின் ‘அட்டவணை முழுவதையும் அழிக்க’ என்னும் பொருள்பட ஒருவர் எழுதிவிடலாம். தரவுத்தளம் குறி முடிந்த இடத்திற் பெயர் முடிந்ததாகக் கொண்டு, எஞ்சியதைக் கட்டளையாகவே படிக்கும். நிறுத்தக்குறி பொருளைக் கெடுக்கும் என்று மாணவர்க்கு யாம் ஓயாமற் கூறுவது இங்கே உயிர்நிலையாயிற்று. இதற்கு மருந்து, வாக்கியத்தில் வெற்றிடம் விட்டு, பெயரைத் தனியே ஒப்படைத்தலாகும். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்டது எத்துணை விபரீதமாக எழுதப்பட்டிருப்பினும் பெயராகவே கொள்ளப்படும், கட்டளையாகாது.

இணைப்பின் அருமை

இணைப்பை ஏற்படுத்துதல் எளிய செயலன்று. வலையமைப்பின் ஊடாகச் சென்று, வாயிலைத் தட்டி, பெயரும் கடவுச்சொல்லும் காட்டி, அவை சரிபார்க்கப்பட்டபின்னரே உள்ளே இடங் கிடைக்கும். அன்றியும், திறந்திருக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் தரவுத்தளக் கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் ஏ.டி.ஓ. நெற் முறையில், செய்நிரல் ஓர் இணைப்பை மூடும்போது அது உண்மையில் அறுக்கப்படுவதில்லை. ஓரிடத்திற் சேமமாக வைக்கப்படும். அடுத்து அதே இணைப்புத் தொடருடன் கேட்பவர்க்கு அதுவே எடுத்துக் கொடுக்கப்படும். எஸ்.கியூ.எல். சேவருக்கான சேமத்தில், வேறு விதமாகக் குறிப்பிடாவிடின், 100 இணைப்புகள்வரை இருக்கலாம். நூறும் வெளியே சென்றிருக்கும்போது நூற்றோராவதாக வருபவர் காத்திருத்தல் வேண்டும்; 15 வினாடிக்குள் ஒன்றும் திரும்பி வராவிடிற் பிழைச் செய்தியே அவருக்குக் கிடைக்கும்.

நூலகத்தில் நூலைப் பெற்றவர் திருப்பிக் கொடாவிடின் அடுத்தவர் வறிதே நிற்றல் போன்றதே இது. பயிற்சி குறைந்தோர் எழுதும் செய்நிரல்களில் அடிக்கடி நேரும் குற்றமும் இதுவே. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இணைப்பு மூடப்படும். இடையிற் பிழை நேர்ந்தால் மூடும் வரியை எட்டாமலே செய்நிரல் வெளியேறிவிடும். ஆதலின், பிழை நேரினும் நேராவிடினும் மூடியே தீரும்படி செய்நிரலை அமைத்தல் இன்றியமையாதது. தாமதித்துத் திறத்தல், விரைந்து மூடுதல் என்பதே இத்துறையாரின் நல்லொழுக்கம்.

இருவகை வாசிப்பு

இனி, தரவை வாசிக்கும் முறை இருவகைப்படும். முதலாவது, பதிவறை வாயிலில் நின்றபடியே வாசித்தல். ஏ.டி.ஓ. நெற்றில் இதற்கு டேற்றா றீடர் என்று பெயர். அது வரிகளை ஒவ்வொன்றாகத் தரும், முன்னோக்கியே செல்லும், கடந்த வரிக்குத் திரும்பாது, எழுதவும் இடந்தராது. விரைவு மிகுதி, நினைவகச் செலவு குறைவு. ஆயின் வாசித்து முடியும்வரை இணைப்புத் திறந்தேயிருத்தல் வேண்டும். ஆயிரம் மாணவரின் பெயர்களை வரிசையாக அச்சிடுவதற்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்புதல். இதற்கு டேற்றா செற் என்று பெயர். தரவுத் தொகுதி எனலாம். அதனுள் ஓர் அட்டவணை மாத்திரமன்றிப் பல அட்டவணைகளும் அவற்றிடையேயுள்ள தொடர்புகளும் அடங்கும். மாணவர் அட்டவணை, புள்ளி அட்டவணை என்னும் இரண்டையும், எப்புள்ளி எம்மாணவனுக்குரியது என்னும் உறவையும் சேர்த்தே எடுத்துவரலாம். எடுத்தவுடன் இணைப்பு மூடப்படும். அதன்பின் அப்பிரதியிற் கூட்டலாம், திருத்தலாம், அழிக்கலாம், வரிசை மாற்றலாம். பதிவறைக்கு அதனால் ஒரு சுமையுமில்லை. வலையமைப்பு அறுந்தாலும், கையிலுள்ள வேலை நிற்பதில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தரவுத் தொகுதி, தான் எத்தரவுத்தளத்திலிருந்து வந்தது என்பதை அறியாது. பதிவறைக்கும் அதற்குமிடையே போய்வரும் பணியைச் செய்வது டேற்றா அடப்ரர் என்னும் இணக்கியாகும். எடுத்தல், சேர்த்தல், திருத்தல், அழித்தல் என்னும் நான்கு தொழிலுக்கும் நான்கு கட்டளைகளை அது தன்னிடத்தே வைத்திருக்கும். இணைப்பு மூடியிருப்பின் தானே திறந்து, வேலை முடிந்ததும் தானே மூடிவிடும்.

தன் பழமையை மறவாத பிரதி

கையிலுள்ள பிரதியிற் பல வரிகளைத் திருத்திய பின், எவ்வரி மாறிற்று என்பதை இணக்கி எங்ஙனம் அறியும்? ஒவ்வொரு வரியும் தன் நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் என்பதே விடை. வந்தவாறே இருப்பது மாறாதது. புதிதாக எழுதப்பட்டது சேர்க்கப்பட்டது. தொட்டு மாற்றப்பட்டது திருத்தப்பட்டது. அழிக்கக் குறிக்கப்பட்டது அழிக்கப்பட்டது. எந்த அட்டவணையிலும் இன்னும் சேராதது பிரிந்து நிற்பது. இவ்வாறு நிலைகள் ஐந்து.

இன்னும் சிறப்பானது, திருத்தப்பட்ட வரி தன் இரண்டு வடிவங்களையும் ஒருங்கே காத்துக்கொள்ளுதலாகும். எடுத்து வந்தபோது இருந்த மூல வடிவம் ஒன்று. இப்போதுள்ள நடப்பு வடிவம் மற்றொன்று. 47 ஐ அழித்து 74 என எழுதினாலும், ‘நான் வரும்போது 47 ஆக இருந்தேன்’ என்னும் நினைவு அவ்வரியை விட்டு நீங்காது. திருத்தங்கள் பதிவறையில் ஏற்கப்பட்ட பின்னரே பழைய வடிவம் விடப்பட்டு, நடப்பு வடிவமே புதிய மூலமாகும். வேண்டாமெனிற் பழைய வடிவத்துக்கே திரும்பவும் கூடும்.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோரை இவ்விடத்தில் நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். அத்தகையோர் முன்னே கிடந்தவை யாவும் பிரதிகளே. அவை பார்த்தெழுதப்பட்ட மூல ஏடுகள் செல்லரித்து எப்போதோ மறைந்தன. எவர் எச்சொல்லை எப்போது மாற்றினார் என்பதைப் பிரதி சொல்லாமையால், ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராயவேண்டியதாயிற்று. பார்த்தெழுதியவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட பாடத்தையும் தாம் மாற்றிய பாடத்தையும் அருகருகே குறித்திருப்பின் அவர்களுடைய உழைப்பில் எத்துணை குறைந்திருக்கும்! இக்காலக் கணினிப் பிரதி அந்நன்மையைச் செய்யவல்லது. செய்விப்பதும் செய்யாது விடுவதும் செய்நிரல் எழுதுவோர் கையில் உள்ளன.

இருவர் திருத்திய ஒரு வரி

இப்போது எம் கதைக்குத் திரும்புவோம். அப்பாடசாலையின் செய்நிரலில் ஒரு மாணவனுக்கு ஒரு வரி. அவ்வரியிலேயே எல்லாப் பாடங்களின் புள்ளிகளும் இருந்தன. அன்று காலையிற் கணித ஆசிரியர் வகுப்புப் பட்டியலைத் திறந்தார். அவர் பிரதியில் அம்மாணவனுக்குத் தமிழ் 47, கணிதம் வெறுமை. நண்பகலில் யாம் வேறொரு கணினியிற் பட்டியலைத் திறந்து, 47 ஐ 74 ஆக்கிச் சேமித்தோம். பதிவறையில் 74 ஏறிற்று. கணித ஆசிரியரின் பிரதிக்கு அது தெரியாது. இணைப்புத்தான் காலையிலேயே மூடப்பட்டுவிட்டதே! மாலையில் அவர் கணிதத்துக்கு 68 என எழுதிச் சேமித்தார். செய்நிரல், அவர் தொட்ட புள்ளியை மாத்திரம் எழுதாமல், வரி முழுவதையும் எழுதிற்று. தமிழ் 47, கணிதம் 68 எனப் பதிவறையிற் பதிந்தது. எமது திருத்தம் ஓசையின்றி மறைந்தது.

எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் தவறான விசையை அழுத்தவுமில்லை. கணித ஆசிரியர் தம் கடமையைச் செய்தார். தரவுத்தளம் இட்ட கட்டளையை நிறைவேற்றிற்று. லிகிதர் அச்சிட்டார், அவ்வளவே. இறுதியாக எழுதுபவர் சொல்லே நிற்கும் என்னும் முறையில் அச்செய்நிரல் அமைந்திருந்ததே குற்றம்.

இதனைத் தடுத்தற்கு வழி இரண்டு. ஒன்று முற்காப்பு முறை: ஒருவர் வரியை எடுத்தவுடன் அதனைப் பூட்டிவிடுதல். அவர் முடிக்கும்வரை பிறர் அதனைத் திருத்தமுடியாது. ஆயின் இணைப்பறுந்த முறைக்கு இது பொருந்தாது. தரவுத்தளம் இடும் பூட்டு இணைப்போடு பிணைந்தது. இணைப்பு மூடியதும் பூட்டும் அகலும். வேறு வகையாற் பூட்டினும், பட்டியலைத் திறந்துவைத்துவிட்டு வீடு சென்ற ஆசிரியர் மறுநாள் வரும்வரை ஏனையோர் கைகட்டி நிற்கவேண்டும்.

மற்றையது நன்னம்பிக்கை முறை. இருவர் ஒரே வரியை ஒரே வேளையில் திருத்துதல் அரிது என்று நம்பி, பூட்டாமலே விடுதல்; ஆனால் திரும்ப எழுதும் கணத்தில், எடுத்தபோது இருந்தவாறே இன்னும் இருக்கின்றதா என்று சோதித்தல். இம்முறையை 1981 இல் எச். ரி. குங், ஜோன் றொபின்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துரைத்தனர். ‘இம்மாணவனின் வரியைத் திருத்துக’ என்று கட்டளையிடாமல், ‘தமிழ் இன்னும் 47 ஆகவும், கணிதம் இன்னும் வெறுமையாகவும் இருப்பின் திருத்துக’ என்று கட்டளையிடுவதே அதன் சாரம். மூல வடிவம் கையில் இருப்பதன் பயன் இங்கேதான் புலப்படும். அன்று மாலை இவ்வாறு கேட்டிருந்தால், பதிவறையில் 74 இருந்தமையால் நிபந்தனைக்கு எவ்வரியும் பொருந்தாது. திருத்தப்பட்ட வரிகள் பூச்சியம் என்று விடை வரும். இணக்கி அதனைக் கண்டு, இடையில் வேறொருவர் திருத்தியுள்ளார் எனப் பிழைச் செய்தி எழுப்பும்.

எல்லா நிரல்களையும் ஒப்பிடுதல் நீண்ட வேலையெனின், வரிதோறும் ஒரு பதிப்பெண்ணை வைக்கலாம். வரி திருத்தப்படும்போதெல்லாம் அவ்வெண் மாறும். எடுத்தபோதிருந்த எண்ணும் இப்போதுள்ள எண்ணும் ஒன்றாயின் இடையில் எவரும் தொடவில்லை என்பது தெளிவு. எஸ்.கியூ.எல். சேவரில் இதற்கெனவே ஒரு தரவு வகை உண்டு. அன்றி, மாறிய நிரலை மாத்திரம் எழுதும் முறையை மேற்கொண்டிருந்தால், கணித ஆசிரியரின் 68 உம் எமது 74 உம் ஒன்றையொன்று தொடாமலே நிலைத்திருக்கும். பாடத்துக்கொரு வரியாக அட்டவணையை அமைத்திருந்தாலும் அவ்விளைவே கிட்டியிருக்கும்.

முரண்பாடு கண்டபின் செய்யவேண்டியது யாது? அதனைக் கணினி தானே தீர்த்தல் எப்போதும் நன்றன்று. நீங்கள் எடுத்தபோது இருந்தது இது, நீங்கள் எழுதியது இது, இப்போது அங்கிருப்பது இது என மூன்றையும் பயன்படுத்துவோர் கண்முன் வைத்து, தீர்ப்பை அவரிடம் விடுதலே பெரும்பாலும் தக்கது. எது மெய்யான புள்ளி என்பது விடைத்தாளைத் திருத்தியவருக்கே தெரியும்.

வேறு சில எச்சரிக்கைகள்

செய்நிரல் எழுதக் கற்கும் மாணவர்க்குப் பயன்படும் ஐந்து விடயங்களைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, அழித்தலும் அகற்றலும் வேறு. தரவுத் தொகுதியில் வரியொன்றை அழித்தால், அழிக்கப்பட்டது என்னும் குறியுடன் அது அங்கேயே இருக்கும். இணக்கி அதனைக் கண்டு பதிவறையிலும் அழிக்கும். அட்டவணையிலிருந்து அகற்றினாலோ சுவடே இராது. பதிவறையில் வரி அப்படியே நிற்கும். சிவப்பு மையாற் கோடிட்டுக் கையொப்பமிடுதலுக்கும் தாளையே கிழித்தெறிதலுக்கும் உள்ள வேறுபாடு இது.

இரண்டாவது, புதிய வரிக்குரிய சுட்டெண்ணைப் பதிவறையே வழங்குமாயின், கையிலுள்ள பிரதியில் தற்காலிக எண்ணை இடுதல் வேண்டும். அதனை −1, −2 என எதிர்முகமாக இடுவது வழக்கம். உண்மையான எண்கள் நேர்முகமாதலின் இரண்டும் மோதா.

மூன்றாவது, வெறுமை வேறு, பூச்சியம் வேறு. பரீட்சைக்கு வராத மாணவனின் புள்ளி 0 அன்று. எஸ்.கியூ.எல். மொழியில் வெறுமையும் வெறுமையும் சமமா என்று கேட்டால் ஆம் என்னும் விடை வராது. வெறுமைதானா என்று தனியே கேட்டல் வேண்டும். இதனை மறந்தவரின் ஒப்பீடு, மாறாத வரியையும் மாறியதாகக் காட்டும்.

நான்காவது, ஒருங்கே நிகழவேண்டிய திருத்தங்கள் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். மாணவனை ஒரு வகுப்பு இடாப்பிலிருந்து நீக்கி மற்றொன்றிற் சேர்க்கும்போது நடுவில் மின்சாரம் நின்றால், அவன் எவ்வகுப்பிலும் இல்லாதவனாவான். ஆதலின் இரண்டையும் ஒரு கட்டாகக் கட்டி, முற்றும் நிறைவேறுக அல்லது முற்றும் கைவிடப்படுக என ஆணையிடல் வேண்டும்.

ஐந்தாவது, எவர், எப்போது, எதனை எதுவாக மாற்றினார் என்பதைப் பதிவறையே ஒரு தனி அட்டவணையிற் குறித்துவைத்தல் நன்று. அன்று அத்தகைய குறிப்பொன்று இருந்திருப்பின், ஒரு நல்ல மனிதர் ஒரு நிமிட நேரத்திற் பழி நீங்கியிருப்பார்.

ஏ.டி.ஓ. நெற்றை மாத்திரமே இவை பற்றியன என்று எண்ணலாகாது. கருவிகள் மாறும், இயல்பு மாறாது. கைத்தொலைபேசிகளுள் இன்று பரவலாக இயங்கும் எஸ்.கியூ.லைற் என்னும் சிறிய தரவுத்தளம் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சமிக்ஞை இல்லாத இடத்திலும் எழுதிவைத்து, சமிக்ஞை கிடைத்ததும் அனுப்பும் செயலிகள் பல அதனையே கைப்பிரதியாகக் கொண்டு இயங்குகின்றன. கவுச் டி.பி. என்னும் தரவுத்தளம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பதிப்பெண் இட்டு, அவ்வெண்ணைக் காட்டாதவரின் திருத்தத்தை ஏற்க மறுக்கின்றது. எங்கெல்லாம் பிரதி உண்டோ, அங்கெல்லாம் மூலம் இடையில் மாறியிருக்கக்கூடும் என்னும் வினாவும் உண்டு.

நிறைவு

இவற்றைக் கற்றறிந்தபின் யாம் செய்யவேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருந்தது. அம்முதிய லிகிதரின் இல்லத்தைத் தேடிச் சென்றோம். “ஐயா, அந்த 47 உங்கடை பிழை இல்லை, நாங்கள் உங்களைச் சந்தேகப்பட்டது எங்கடை பிழை” என்று கூறி, நடந்ததை விளக்கினோம். காலை, நண்பகல், மாலை என மூன்று தாளில் எழுதிக் காட்டியபோது அவர் எளிதிலே புரிந்துகொண்டார். இடாப்போடு வாழ்நாளைக் கழித்தவர் அல்லரோ! சற்று நேரம் மௌனமாயிருந்து, “அப்ப மாஸ்டர், கணக்கு மாஸ்டரிலும் பிழையில்லை. எழுத முன்னம் ஒருக்காக் கேட்டுப்பார்த்திருந்தால் முடிஞ்சிருக்கும்” என்றார். செய்நிரலைக் குறித்தோ எம்மைக் குறித்தோ அவர் அதனைக் கூறினார் என்பதை யாம் வினவவில்லை. இரண்டுக்கும் அது பொருந்தும்.

எம் கல்லூரி மாணவருட் பலர் நாளை செய்நிரல்கள் எழுதுவர். பழைய மாணவருட் பலர் இன்றே வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் அத்தகைய செய்நிரல்களை எழுதியும் பயன்படுத்தியும் வருகின்றனர். அவர்கள் கையாளும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மாணவனோ, ஒரு நோயாளியோ, ஓர் ஓய்வூதியரோ நிற்கின்றார் என்பதை மறவாதிருப்பாராக. எடுத்தபோது இருந்தது யாது என்பதை நினைவில் வைத்து, எழுதுமுன் ஒருமுறை கேட்டு, பின்னர் எழுதுவாராக. எம் கல்லூரியின் இடாப்புகளில் எவருடைய பெயரும் எவருடைய புள்ளியும் அவரறியாமல் மறையாதிருக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.